டோக்கன் போடும் முன்னால்

வாடகை வீடு: கேள்வி-பதில்

பத்திரம் எழுதும் ஆபீசில் 26 வருடம் தட்டச்சு செய்தவள் என்பதால் இந்தப் பக்கத்தை என்னிடம் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய தகுதி, பாண்டிச்சேரிக்குள்ளேயே ஒன்பது வாடகை வீடு மாறியவள் என்பதுதான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லக்சுரி ஃபிளாட் சமாச்சாரம். முதல் கடிதத்துக்கு நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு 84 வயது அம்மா இருக்கிறார், அதனால்.

கேள்வி: நெய்வேலி குவார்ட்டர்ஸில் 28 வருடம் இருந்தோம். கணவர் ஓய்வு பெற்றுவிட்டார், காலி செய்ய வேண்டும். பாண்டியில் அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ஒரு லக்சுரி அபார்ட்மென்ட் பார்த்திருக்கிறோம். ஐந்தாவது மாடி, மூன்று பெட்ரூம், 1,850 சதுர அடி, ஜிம், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. வாடகை 58,000, மெயின்டனன்ஸ் தனியாக 6,500, அட்வான்ஸ் ஆறு மாதம். மாமியாருக்கு 84 வயது, வீல் சேரில்தான் நடமாட்டம். புரோக்கர் நாளைக்கே டோக்கன் போடச் சொல்கிறார். போடலாமா? (வாசகி, நெய்வேலி)

பதில்: நாளைக்கு வேண்டாம் அம்மா. ‘சனிக்கிழமை கழித்துச் சொல்கிறோம்’ என்று புரோக்கரிடம் சொல்லிவிடுங்கள். நாளைக்கே கைமாறிவிடும் என்று எனக்குச் சொல்லப்பட்ட வீடுகள் மூன்று மாதம் கழித்தும் அதே பூட்டோடு இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகினாலும் கரண்ட் போனாலும் நிர்வாகத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டால் போதும். ஆள் மெதுவாக வரலாம், ஆனால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் கிடையாது. இங்கே அப்படி இல்லை. வாடகை ஓனருக்குப் போகும். ஆனால் லிஃப்ட், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், வாட்ச்மேன் எல்லாம் அசோசியேஷன் கையில். லிஃப்ட் நின்றால் ஓனர் ‘அசோசியேஷனைக் கேளுங்க’ என்பார். அசோசியேஷன் ‘நீங்க டெனன்ட், ஓனரைப் பேசச் சொல்லுங்க’ என்பார்கள். நீங்கள் 58,000 கொடுப்பதே பெரும்பாலும் வீட்டு வாசலுக்கு வெளியே இருக்கும் இந்தச் சாமான்களுக்காகத்தான். அவற்றின் சாவி நீங்கள் வாடகை கொடுக்கும் ஆளிடம் இருக்காது.

இதை நான் ஃபெஞ்சல் புயலில் படித்தேன். 2024 நவம்பர் 30 ராத்திரி புயல் இங்கே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகரெல்லாம் குளமாகி, ராணுவம் வந்து ஆட்களை வெளியே கொண்டுவந்தது. நான் அன்றைக்கு மகள் வீட்டில், நான்காவது மாடியில் இருந்தேன். ‘மேலே இருக்கிறோம், நமக்கென்ன’ என்று நிம்மதியாக டீ போட்டுக் குடித்தோம். வீட்டுக்குள் ஒரு சொட்டு ஈரம் வரவில்லை, நிஜம். விடியற்காலையில் விளக்கு அணைந்தது. அந்தக் கட்டடத்தின் கரண்ட் போர்டு கீழே கார் நிறுத்தும் இடத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தது. தண்ணீர் எட்டிவிடும் என்று பயந்து வாட்ச்மேன் மெயினை இறக்கிவிட்டார். அவர் செய்தது சரிதான். ஜெனரேட்டரும் அதே தரையில்தான், பக்கத்திலேயே. லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கியதால் கரண்ட் வந்த பிறகும் லிஃப்ட் ஓடவில்லை. மோட்டாரும் ஓடாததால் மேல் தொட்டி அன்று மதியமே காலி. ஊரெல்லாம் தண்ணீர், எங்கள் டாய்லெட்டில் ஊற்ற ஒரு வாளி இல்லை. மூன்று நாள் படியில் தூக்கினோம். மருமகன் பாவம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது முதலில் ஐந்தாவது மாடிக்குப் போகாதீர்கள். கீழே கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றி வாருங்கள். கரண்ட் போர்டும் ஜெனரேட்டரும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். ஃபெஞ்சலில் தண்ணீர் எதுவரை நின்றது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள், ஓனரைக் கேட்காதீர்கள். சுவரில் பெயின்டுக்கு அடியில் ஒரு கோடு தெரிந்தாலும் தெரியும். அப்புறம் ‘ஃபுல் பேக்கப்’ என்று புரோக்கர் சொல்லியிருப்பார். பல கட்டடங்களில் அதற்கு அர்த்தம், லிஃப்டும் மோட்டாரும் ஓடும், உங்கள் வீட்டுக்குள் நான்கு லைட்டும் இரண்டு ஃபேனும் எரியும் என்பதுதான். மெயினை ஒரு நிமிடம் இறக்கச் சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜைப் போட்டுப் பாருங்கள். மின்சாரத்தை அளவாக விடும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அளவு மீறினால் ‘டக்’ என்று அணைத்துவிடும். ஏசி வரைக்கும் ஓடும் என்றால் அந்த யூனிட்டுக்கு என்ன ரேட் என்று கேளுங்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மாமியார் விஷயம். லிஃப்டுக்குள் ஒரு தகடு ஒட்டியிருக்கும், படியுங்கள். 6 பேர், 408 கிலோ என்று இருந்தால் வீல் சேர் நுழைவதே சந்தேகம், தள்ளிப் பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரெச்சர் போகாது. 13 பேர், 884 கிலோ என்று இருந்தால் கொஞ்சம் தைரியம், ஆனாலும் உள்நீளத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 84 வயதில் என்றைக்காவது ஒரு ராத்திரி ஆம்புலன்ஸ் வரத்தான் செய்யும், இதை மறைத்துப் பேசி என்ன பயன். பாத்ரூம் வாசலையும் அளந்துவிடுங்கள். இரண்டரை அடி என்று சொல்வார்கள். நிலையும் கதவுத் தடிமனும் போனால் இரண்டே கால் அடி மிஞ்சும். வீல் சேர் இரண்டடிக்கு மேல் அகலம், சக்கரத்தைத் தள்ளும் விரல் நிலையில் இடிக்கும். குளிக்கும் இடம் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

1,850 சதுர அடியை நம்பி கட்டிலும் அலமாரியும் வாங்கிவிடாதீர்கள். அது படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா, ஜிம் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்ட்-அப் கணக்கு. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் கார்பெட் ஏரியா என்று சொல்வது வேறு. அதில் வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. இரண்டுக்கும் நடுவே கால்வாசி காணாமல் போவது சாதாரணம். டேப் கொண்டுபோக மறந்துவிட்டால் டைல்ஸை எண்ணுங்கள். இரண்டடிக்கு இரண்டடி கல், ஹால் நீளத்துக்கு ஒன்பது, அகலத்துக்கு ஆறு என்றால் 18-க்கு 12, ஆக 216 சதுர அடி. நான் அப்படித்தான் எண்ணுவேன். புரோக்கர் ஏதோ ஜோசியம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சும்மா நிற்பார்.

தண்ணீர். நம் ஊரில் கடல் பக்கம் போகப் போக போர் தண்ணீர் உப்பு. பாத்ரூம் குழாயின் மூக்கைத் தடவிப் பாருங்கள், வெள்ளையாகச் சொரசொரவென்று இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் விற்கிறது, ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை விடலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. லக்சுரி ஃபிளாட்டில் பளபளவென்று இத்தாலி மாடல் ஷவர் வைத்திருப்பார்கள். உப்புத் தண்ணீரில் ஆறே மாதத்தில் அதன் துளையெல்லாம் அடைத்துக்கொள்ளும். பிறகு வாளியும் சொம்பும்தான்.

இந்த டிடிஎஸ் சரி, இன்னொரு டிடிஎஸ் இருக்கிறது. மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் குடியிருப்பவரே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் அது 2 சதவீதம், அதற்கு முன்பு 5 ஆக இருந்தது. 11 மாத ஒப்பந்தம் என்றால் உங்கள் கணக்கில் 6,38,000 வாடகை, பிடிக்க வேண்டியது 12,760. மாதாமாதம் பிடிக்க வேண்டாம். மார்ச் மாத வாடகையிலோ, அதற்கு முன் காலி செய்தால் கடைசி மாத வாடகையிலோ மொத்தமாகப் பிடித்துக் கட்டினால் போதும். உங்கள் பான் எண்ணும் ஓனரின் பான் எண்ணும் இருந்தால் போதும், வரி பிடிப்பவர்களுக்கென்று இருக்கும் டான் எண்ணைத் தனியாக எடுக்க வேண்டாம். இதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் ‘என் வாடகையில் ஏன் கை வைத்தாய்’ என்று சண்டை வரும்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் கேளுங்கள். லிஃப்டோ ஜெனரேட்டரோ தொடர்ந்து இத்தனை நாள் ஓடாவிட்டால் வாடகையில் இவ்வளவு குறையும், நோட்டீஸ் காலம் இல்லாமல் காலி செய்யலாம் என்று. ஓனர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். மூன்று நாளில் ஆரம்பித்து ஏழு நாளில் முடியுங்கள். ஆறு மாத அட்வான்ஸ் 3,48,000 ஆகிறது. மூன்று மாதத்துக்குப் பேசிப் பாருங்கள். வீடு எத்தனை நாளாகக் காலியாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால் நாலு மாதத்திலாவது நிற்கும்.

சனிக்கிழமை என்று ஏன் சொன்னேன் என்றால், அன்று ராத்திரி பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் பத்து நிமிடம் நின்று பார்க்கத்தான். மரமும் குயிலுமாக இருந்த இடத்திலிருந்து வருகிறீர்கள். வார நாளில் பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டைக் காட்டினால் எந்த வீடும் நல்ல வீடுதான்.

என்னைக் கேட்டால், கட்டடம் பிடித்திருந்தால் அதே கட்டடத்தில் முதல் மாடி காலியாகிறதா என்று விசாரியுங்கள். காற்று குறையும், கொசு கூடும், வாடகையும் கொஞ்சம் இறங்கலாம். லிஃப்ட் நின்ற அன்று இரண்டு ஆள் பிடித்து நாற்காலியோடு பாட்டியை இறக்கிவிடலாம்.

கேள்வி: நான் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பாண்டியில் 32,000 வாடகைக்கு ஃபிளாட் எடுக்கிறேன். ஓனர் பாரிஸில் இருக்கிறார், பிரெஞ்சு பாஸ்போர்ட். இங்கே இருக்கும் அவர் தம்பி, ‘என் அக்கவுன்டில் போட்டுவிடுங்கள், வரியெல்லாம் ஒன்றும் இல்லை’ என்கிறார். 50,000-க்குள்தானே, எனக்கு ஒன்றும் வராதே? (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: வரும் தம்பி. அந்த 50,000 கணக்கு, ஓனர் வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவராக இருந்தால்தான். வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் முதல் மாதத்திலிருந்தே பிடிக்க வேண்டும். 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் சேர்த்து 31.2. உங்கள் 32,000-இல் அது 9,984 ரூபாய். இதற்கு டான் எண்ணும் எடுக்க வேண்டும். நீங்கள் பிடிக்காமல் விட்டால் வரித்துறை கேட்கப்போவது பாரிஸ்காரரை இல்லை, உங்களை. தம்பி அக்கவுன்டில் போடுவதால் தம்பி ஓனர் ஆகிவிட மாட்டார்.

பாண்டியில் இதில் ஒரு திருப்பம் உண்டு. பாஸ்போர்ட் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ குடும்பங்கள் இங்கே வீதிக்கு வீதி இருந்தன, இன்னும் இருக்கின்றன. பாஸ்போர்ட் பிரான்ஸுடையது, ஆள் வருடம் முழுக்க முத்தியால்பேட்டையில். ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால் வரிக்கணக்கில் அவர் இங்கே வசிப்பவர்தான். அவருக்கு 50,000 கணக்கே பொருந்தும். உங்கள் ஓனர் பாரிஸிலேயே இருப்பவர் என்பதால் 31.2.

அவருக்கு அது அதிகமாகப் பட்டால், வருமான வரித்துறையிடம் குறைந்த விகிதத்துக்குச் சான்றிதழ் வாங்கித் தரட்டும், நீங்கள் அதன்படி பிடிக்கலாம். வாடகையை அவருடைய என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வைத்திருக்கும் பேங்க் கணக்கு) போடுங்கள். தம்பி கையெழுத்துப் போடுவதென்றால் பவர் பத்திரத்தைக் கேளுங்கள். பிரான்ஸில் எழுதிய பவர் என்றால் அங்கே இந்தியத் தூதரகத்தின் சான்றோ, வெளிநாட்டில் செல்லும்படி அந்த நாட்டு அரசு போடும் அபோஸ்டில் முத்திரையோ இருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வையும் கட்டியிருக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் வந்த ஒரு படத்தைக் காட்டி ‘இதுதான் பவர்’ என்று எங்கள் ஆபீசுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! சீனியர் ஒன்றும் பேசமாட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிடுவார்.

கேள்வி: நேரு வீதிக்குப் பக்கத்தில் நல்ல ஃபிளாட் என்று போனோம். கீழே ஒரு ரெஸ்டாரன்ட், ராத்திரி பாட்டு. எதிர் ஃபிளாட்டை வெள்ளி முதல் ஞாயிறு வரை டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். என்ன செய்வது? (வாசகி, புதுச்சேரி)

பதில்: ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல், வணிகப் பகுதியில் 55 என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. உங்கள் வீதி வணிகப் பகுதி என்று அவர்கள் வாதாடுவார்கள். ஆனாலும் பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைத்தால் போலீசில் சொல்லலாம். தனியாகப் போகாமல் நாலு வீட்டுக் கையெழுத்தோடு போங்கள். இதற்கிடையில் தூங்க வேண்டுமே. தள்ளித் திறக்கும் ஜன்னலில் எப்போதும் ஒரு இடுக்கு இருக்கும், சத்தம் அதில்தான் வருகிறது. கதவு மாதிரித் திறந்து ரப்பர் பட்டையில் அழுந்தி மூடும் ஜன்னல் பரவாயில்லை. ‘டொம் டொம்’ என்ற அடித்தாளம் மட்டும் சுவர் வழியாகவும் தரை வழியாகவும் ஏறும், அதற்குக் கண்ணாடி உதவாது. கட்டிலைப் பின்பக்க அறைக்கு மாற்றுங்கள்.

எதிர் ஃபிளாட்டுக்கு வழி உங்கள் அசோசியேஷனின் விதிப் புத்தகத்தில்தான். அதில் நாள் வாடகை கூடாது என்று இருக்கிறதா என்று உங்கள் ஓனரைக் கேட்கச் சொல்லுங்கள், டெனன்ட் குரல் அங்கே எடுபடாது. இனிமேல் வீடு பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பக்கத்து வாசலில் நம்பர் போட்டுத் திறக்கும் சாவிப் பெட்டி தொங்குகிறதா, ஞாயிறு காலை லிஃப்டில் டிராலி பெட்டிகள் உருளுகின்றனவா என்று கவனித்தால் போதும்.

கேள்வி: 25 லட்சம் கொடுத்தால் மூன்று வருடம் வாடகையே இல்லாமல் லக்சுரி ஃபிளாட், போகும்போது பணம் முழுதாகத் திரும்பும் என்கிறார்கள். வாடகைக்கு விட்டால் 30,000 போகும் வீடு. லாபம்தானே? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: இதற்குப் பெயர் போக்கியம். உங்களுக்கு லாபம் என்பது புரிகிறது. ஓனருக்கு என்ன லாபம் என்று யோசித்தீர்களா? 25 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு பேங்கில் போட்டால் மாதம் 14,600 கூட வராது. 30,000 வாடகையை விட்டுவிட்டு 14,600-ஐ ஒருவர் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? அவருக்கு மொத்தமாகப் பணம் அவசரமாகத் தேவைப்படுகிறது. எதற்கு என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி.

எங்கள் ஆபீசுக்கு ஒரு நாள் ஒரு அம்மா வந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள் நாலாய் மடித்த இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர். போக்கியத்துக்கு எட்டு லட்சம் கொடுத்திருக்கிறார், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். காலையில் கதவில் பேங்க் நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம், அதையும் கிழியாமல் உரித்து எடுத்து வந்திருந்தார். பின்பக்கம் பசை காயவில்லை, என் மேஜைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. வீட்டின் மேல் ஏற்கெனவே கடன், தவணை கட்டாமல் ஓனர் காணாமல் போய்விட்டார். அந்தப் பேப்பரைப் பதிவு செய்யவில்லை, பேங்க் சம்மதமும் இல்லை. சீனியர் இரண்டு முறை படித்துவிட்டு, சாப்பிட்டீர்களா அம்மா என்று கேட்டார். வேறு என்ன கேட்பார். கடன் கொடுத்த பேங்க் 2002-இன் சர்ஃபாசி சட்டப்படி வீட்டை எடுக்க வந்தால், கடன் வாங்கிய பிறகு பேங்கின் சம்மதம் இல்லாமல் எழுதிக்கொண்ட பேப்பர் எதுவும் நிற்காது.

உங்களுக்கு மனசு அதிலேயே இருந்தால், முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மூலப்பத்திரத்தை பேங்கில் ஒப்படைத்து வாங்கிய கடன் அதில் எப்போதும் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரிஜினல் பத்திரத்தை உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லாம் சரி என்றால் போக்கியப் பத்திரமாக முறையாகப் பதிவு செய்யுங்கள். பதிவுச் செலவு அதிகம் என்று ஓனர் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று வருடம் இருந்த லக்சுரி ஃபிளாட்டைக் காலி செய்தோம். 2,40,000 அட்வான்ஸில் பெயின்டிங், டீப் கிளீனிங், ஏசி சர்வீஸ், பால்கனி கம்பித் துரு என்று 1,10,000 பிடித்துவிட்டார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது என்று சட்டம் இருப்பதாக நண்பர் சொல்கிறார். (வாசகர், இலாசுப்பேட்டை)

பதில்: நண்பர் சொல்வது தமிழ்நாட்டின் 2017 சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் ஒழிய என்று ஒரு ஓட்டை உண்டு. எப்படியானாலும் அது முள்ளோடை எல்லையோடு நின்றுவிடும். கடலூர்க்காரருக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. இங்கே இருப்பது 1969-இன் புதுச்சேரி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்.

ஆனால் 1882-இன் சொத்து மாற்றுச் சட்டம் இரண்டு பக்கமும் உண்டு. வீட்டை வாங்கும்போது இருந்த நிலையில் திருப்பித் தர வேண்டும், இயல்பான தேய்மானம் போக என்று அதில் இருக்கிறது. மூன்று வருடத்தில் சுவர் மங்குவது தேய்மானம். கடல் காற்றில் பால்கனிக் கம்பி துருப்பிடிப்பதை நீங்களா செய்தீர்கள்? சுவரில் ஆணி அடித்த ஓட்டை, உடைந்த பேசின் என்றால் கொடுக்கத்தான் வேண்டும். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், ‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு’ என்று எழுதியிருந்தால் அதை விட்டுவிடுங்கள், நீங்களே கையெழுத்துப் போட்டது. மற்றதற்கெல்லாம் பில் கேளுங்கள், பதிவுத் தபாலில் கேளுங்கள். பில் கேட்டவுடன் தொகை இறங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு முறை எனக்கும் இதே நடந்தது. ஐந்தாவது வீடோ ஆறாவதோ. சமையலறை மேடையில் கீறல் என்று 9,000 பிடித்தார்கள். அந்தக் கீறல் நாங்கள் போகும்போதே இருந்தது, ஆனால் படம் எடுத்து வைக்கவில்லை. இப்போதெல்லாம் பால் காய்ச்சுவதற்கு முன்னால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே வீடு முழுக்க நடப்பேன், குழாய்களைத் திறந்து மூடி, ஏசியின் வெளிப்பெட்டி வரைக்கும். அதை அன்றைக்கே ஓனருக்கு அனுப்பிவிடுவேன். அவர் போடும் கட்டை விரல் படம் எனக்கு ரசீது.

கேள்வி: நீச்சல் குளம் உள்ள வீட்டில் இருந்தவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். ஒரு நாளாவது குளித்ததுண்டா? (கல்லூரி மாணவி, காலாப்பட்டு)

பதில்: இல்லை. புடவையோடு இறங்கக்கூடாது என்று போர்டு. மாலை நேரத்தில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவேன், அதற்கும் ஒரு நாள் வாட்ச்மேன் வந்து, ‘கொலுசுக் கால் வேண்டாம் மேடம், ஃபில்டர்ல போய் மாட்டிக்கும்’ என்றார்.